ஐயமும் அறமும்

மெய்யை அறிதல் ஒன்று; அறிந்த மெய்யை உரியவருக்கு உரைத்தல் பிறிதொன்று. முன்னையது அறிவாராய்ச்சியின் பாற்படும். பின்னையது அறவியலின் பாற்படும். இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்ந்த நூல்கள் தமிழிலும் வடமொழியிலும் மேனாட்டு மொழிகளிலும் பல உள. ஆயின், இவையிரண்டும் ஒன்றையொன்று தொடுகின்ற இடமொன்று உண்டு. முற்றாக அறியப்படாத, ஓரளவுக்கு மட்டுமே அறியப்பட்ட ஒன்றை, அதனால் வாழ்வே மாறக்கூடிய ஒருவரிடம் எவ்வாறு உரைப்பது? தெரிந்ததைத் தெரிந்தவாறு சொல்பவன் வாய்மையாளன் என்பதிலே கருத்து வேறுபாடு இல்லை. தெரிந்ததை மறைத்து வேறொன்றைச் சொல்பவன் பொய்யன் என்பதிலும் இல்லை. தெரியாமையையே கையில் வைத்துக்கொண்டு நிற்பவனுக்கு உரிய வாய்மை யாது என்பதே விடை காண்பதற்கு அரிய வினாவாகும்.

இது வாதமண்டபங்களுக்கு மட்டும் உரிய வினா அன்று. வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவுகளிலே நாள்தோறும் எழுகின்ற வினா இது. கழுத்திலே தோன்றும் கழலை ஒன்றுக்காகச் செய்யப்படும் இரத்தச் சோதனையும், அக்கழலையில் ஊசியிட்டுச் செய்யப்படும் கலச் சோதனையும் இவ்வினாவை மிகத் தெளிவாக எழுப்புகின்றன. அவற்றின் அறிக்கைகளை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பது வைத்திய அறிவு சார்ந்த விடயம் போலத் தோன்றினும், ஆழ்ந்து நோக்குமிடத்து அது அறம் சார்ந்த விடயமாகவும் அமைந்து கிடக்கின்றது.

பழந்தமிழ் அளவை மரபு இவ்வாராய்ச்சிக்குப் பயன்படும் சொற்களை முன்னரே வகுத்துத் தந்துள்ளது. மணிமேகலையின் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதையில் அளவைவாதி அறிவின் வாயில்களை எடுத்துரைத்த பின்னர், அறிவு போலத் தோன்றி அறிவாகாது ஒழியும் எட்டுக் குற்றங்களையும் கூறுகின்றான். அவற்றுள் மூன்று ஈண்டு கருதற்பாலன. ஒன்றை வேறொன்றாகக் கொள்வது திரியக் கோடல். தொலைவிலே நிற்பது மரத்தறியோ மனிதனோ என்று துணிய இயலாது நிற்பது ஐயம். வெளியிலே நிற்கும் தறியை ஆராயாமலே மனிதன் என்று முடிவுகட்டிக்கொள்வது தேராது தெளிதல். ஐயத்தையும் தேராது தெளிதலையும் அம்மரபு தனித்தனிக் குற்றங்களாக எண்ணியமை நுட்பமானது. ஐயம் அறிவின் குறை. தேராது தெளிதலோ அக்குறையை மறைத்துக்கொள்வதனால் விளையும் இரண்டாவது குறை. முன்னையதை விலக்குதல் எப்போதும் மனிதன் வசத்தில் இல்லை. பின்னையதை விலக்குதல் அவன் வசத்திலேயே உள்ளது. ஆதலின் முன்னையது பழிக்கு உரியதன்று. பின்னையது பழிக்கு உரியது.

இக்கருத்தை நடைமுறையில் வைத்து ஆராய்வதற்குக் கொழும்பின் வட எல்லையிலுள்ள மட்டக்குளி பொருத்தமான இடமாகும். சிவனொளிபாத மலைத்தொடரிலே பிறந்து வரும் களனி ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியது இவ்வூர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்வது. மீன்பிடித்தலையும் துறைமுகத் தொழிலையும் சிறு வாணிபத்தையும் சார்ந்தோர் பலரைக் கொண்டது. கழுத்துக் கழலை இப்பகுதி மக்களுக்குப் புதியதன்று. கொழும்பை உள்ளிட்ட தென்மேற்கு ஈரவலயம் இலங்கையில் கண்டக்கழலை மிகுந்த பிரதேசமாக நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. இடையறாத மழை மண்ணிலுள்ள அயடீனைக் கரைத்துச் சென்றுவிடுவது அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. கடலருகே வாழ்வோருக்கு அயடீன் குறை வாராது என்ற எண்ணமும் முழுவதும் சரியானதன்று. கடல்நீரை வெயிலில் உலர்த்திப் பெறும் உப்பிலே இயல்பாக எஞ்சும் அயடீன் மிகச் சிறிதேயாகும். 1986இல் 17 மாவட்டங்களின் பாடசாலைச் சிறாரிடையே நடத்தப்பெற்ற ஆய்வில் நூற்றுக்கு 18.8 பேருக்குக் கண்டக்கழலை காணப்பட்டது. களுத்துறை மாவட்டத்தில் அது நூற்றுக்கு 30ஐயும் கடந்தது. 1995இல் உணவுக்கான உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டவிதியாக்கப்பட்டது.

உப்பு மாறியது, கழலையைப் பற்றிய எண்ணமும் மாறியது. முந்திய தலைமுறையினர் கழுத்து வீக்கத்தைப் பெரிதும் உடலின் ஓர் இயல்பாகக் கொண்டு வாழ்ந்தனர். இன்றைய தலைமுறையினர் அதைப் புற்றுநோயின் முன்னறிவிப்பாக அஞ்சுகின்றனர். அச்சத்துக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. இலங்கைப் பெண்களிடையே பதிவாகும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் தைரொயிட்டுப் புற்றுநோய் வைக்கப்பட்டுள்ளது. 2001க்கும் 2010க்கும் இடையிலே அதன் பதிவு வீதம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஆயினும் கழலைகளுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆராயப்படும் கழலைகளுள் நூற்றுக்கு 5 முதல் 15 வரையானவையே புற்றுநோயாக முடிகின்றன என்பது பல நாடுகளின் அனுபவம். முந்தியோரின் அமைதி முழுவதும் சரியன்று; இன்றையோரின் அச்சமும் முழுவதும் சரியன்று. இரண்டுக்கும் இடையே எங்கோ நிற்கும் உண்மையைத் தேடியே சோதனைகள் செய்யப்படுகின்றன.

மட்டக்குளியிலே ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாய் கழுத்திலே கட்டியொன்றைத் தடவி உணர்ந்து கொழும்பின் அரசாங்க வைத்தியசாலை ஒன்றுக்குச் செல்கின்றார் எனக் கொள்க. சில வாரங்களிலே அவர் கையில் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று இரத்தச் சோதனையின் அறிக்கை. மற்றையது ஊசிச் சோதனையின் அறிக்கை. இரண்டும் ஆங்கிலத்திலே அச்சிடப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே உறுப்பைப் பற்றியவை. ஆனால் அவை விடை கூறும் வினாக்கள் வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டை உணராமையே திரியக் கோடலின் முதற் படியாகின்றது.

தைரொயிட்டு என்பது குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் முன்னே, வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்துள்ள சிறு சுரப்பி. வளர்ந்தவரில் அதன் நிறை ஏறத்தாழ 20 கிராம். அது அயடீனைக் கொண்டு ரி-4, ரி-3 எனப்படும் இரு ஓமோன்களை ஆக்குகின்றது. உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, குடலின் இயக்கம், உள்ளத்தின் விறுவிறுப்பு ஆகியன அவற்றால் ஆளப்படுகின்றன. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி இவ்வோமோன்களின் அளவை ஓயாது கண்காணித்து, அவை குறைந்தால் ரி.எஸ்.எச். என்னும் தூண்டும் ஓமோனைக் கூடுதலாகவும், மிகுந்தால் குறைவாகவும் சுரக்கின்றது. ஆகவே ரி.எஸ்.எச். உயர்ந்திருப்பின் தைரொயிட்டுச் சோர்ந்திருக்கின்றது என்றும், தாழ்ந்திருப்பின் அது மிகையாகச் சுரக்கின்றது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். எண் உயர்ந்தால் சுரப்பியின் தொழில் தாழ்ந்தது என்னும் இம்மறுதலைத் தொடர்பு பலரை முதலிலேயே மயங்க வைக்கின்றது.

இவ்வெண்ணின் அருகே அறிக்கையில் ஓர் எல்லை குறிக்கப்பட்டிருக்கும். வளர்ந்தோருக்கு அது பெரும்பாலும் ஏறத்தாழ 0.4 முதல் 4.0 வரையாகும், ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சிறிது வேறுபடும். கருவுற்றோருக்கு வேறு எல்லை உண்டு. இவ்வெல்லையை நோய்க்கும் நலத்துக்கும் இடையே இயற்கை எழுப்பிய மதிலாகக் கருதுவோர் பலர். உண்மை அவ்வாறன்று. நலமுள்ளோர் பலரின் இரத்தத்தை அளந்து, அவர்களுள் நடுவே அமைந்த நூற்றுக்கு 95 பேரை உள்ளடக்குமாறு மனிதர் வகுத்த வரம்பே அது. எனவே, முற்றும் நலமுள்ள இருபது பேரை நிறுத்தினும் அவர்களுள் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பார் என எதிர்பார்க்கலாம். மேலும், ரி.எஸ்.எச். இரவிலே உயர்ந்து பகலிலே தாழ்வது; வேறு நோய்களின் போது மாறுவது. தலைமயிர் வளர்ச்சிக்கென உண்ணப்படும் பயோற்றின் மாத்திரை மிகுதியானாற் சில சோதனை முறைகளையே பிறழச் செய்யும். ஆதலினாலேயே எல்லையைச் சற்றுத் தாண்டிய ஓர் எண்ணைக் கண்டவுடன் வாழ்நாள் முழுவதற்குமான மருந்தைத் தொடங்காது, சில வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் சோதித்துப் பார்ப்பது நல்ல வைத்திய வழக்கமாயிற்று. ஒரு முறை கண்டதைக் கொண்டு முடிவுகட்டாமை அங்கே அறிவின் சோம்பல் அன்று, அறிவின் ஒழுக்கமாகும்.

இரத்தச் சோதனை சுரப்பி எவ்வாறு தொழிற்படுகின்றது என்ற வினாவுக்கே விடை தருகின்றது. கழுத்திலுள்ள கட்டி எத்தகையது என்பதைப் பற்றி அது பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றது. தைரொயிட்டுப் புற்றுநோய் கண்டோருள் மிகப் பலருக்கு ஓமோன் அளவுகள் யாவும் எல்லைக்குள்ளேயே இருக்கும். மறுபுறத்தே, ஓமோன் அளவு பெரிதும் பிறழ்ந்த பலருக்குப் புற்றுநோயே இராது. இரத்தச் சோதனை நன்றாயிருப்பதால் கட்டியும் நல்லது என்று ஆறுதல் கூறுவதும், ரி.எஸ்.எச். ஏறியிருப்பதால் புற்றுநோய் என்று அலறுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஆயினும் ஒரு தொடர்பு உண்டு. ரி.எஸ்.எச். தாழ்ந்திருப்பின், கட்டியே மிகையாகச் சுரக்கின்றதோ எனக் கதிரியக்கப் படம் எடுத்துப் பார்ப்பர். அவ்வாறு மிகையாகச் சுரக்கும் கட்டி புற்றுநோயாக இருப்பது மிக அரிது.

கட்டியின் தன்மையை அறிய முதலில் மீயொலிப் படமும், அது வேண்டுமெனக் காட்டின் நுண்ணூசிச் சோதனையும் செய்யப்படுகின்றன. மெல்லிய ஊசியால் சில கலங்களை உறிஞ்சி எடுத்து, கண்ணாடித் தகட்டிலே பரப்பி, சாயமூட்டி, நோயியலாளர் நுணுக்குக்காட்டியிலே நோக்குகின்றார். அவர் கண்டதை எல்லோரும் ஒரே பொருளில் விளங்கிக்கொள்ளும் பொருட்டு, 2007இல் ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்திலுள்ள பெதெஸ்டா நகரிலே கூடிய அறிஞர்கள் ஆறு வகுப்புகளை அமைத்தனர். அம்முறை 2017இலும் 2023இலும் திருத்தப்பெற்றது. முதலாம் வகுப்பு, போதிய கலங்கள் கிடைக்கவில்லை என்பது. நோய் இல்லை என்பது அதன் பொருளன்று, விடை இல்லை என்பதே பொருள். இரண்டாம் வகுப்பு தீங்கற்றது. ஆறாம் வகுப்பு புற்றுநோய். ஐந்தாம் வகுப்பு புற்றுநோய் என்ற வலுத்த சந்தேகம். இடையிலுள்ள மூன்றாம், நான்காம் வகுப்புகளே துணிய இயலாதவை. 2023ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு சராசரியாக இரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு 4, மூன்றாவதில் 22, நான்காவதில் 30, ஐந்தாவதில் 74, ஆறாவதில் 97.

இவ்வெண்கள் மெய்யியல் நோக்கிலே ஆழ்ந்து சிந்திக்கத் தக்கவை. தீங்கற்றது என்ற சொல்லோடு நூற்றுக்கு நான்கு ஒட்டிக்கொண்டிருக்கின்றது. புற்றுநோய் என்ற சொல்லிலிருந்து நூற்றுக்கு மூன்று விலகி நிற்கின்றது. சொல் முழுமையாக ஒலிக்கின்றது. அறிவு முழுமையாக இல்லை. எனினும் மனித வாழ்க்கை இத்தகைய சிறு இடைவெளிகளைப் பொறுத்துக்கொண்டே நடைபெறுகின்றது, பொறுத்துக்கொள்ளவும் வேண்டும். மூன்றாம், நான்காம் வகுப்புகளிலே இடைவெளி அத்தகைய சிறியதன்று. அங்கே நோயியலாளர் நேர்மையாக ஐயத்தை ஐயமென்றே எழுதிவைக்கின்றார்.

ஐயம் அவருடைய திறமைக்குறைவால் எழுந்தது என்று எண்ணுதல் கூடாது. நான்காம் வகுப்பைச் சேர்ந்த கழலைகளுள் பலவற்றிலே, தீங்கற்ற கட்டியின் கலங்களும் புற்றுநோயின் கலங்களும் தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு கலத்தின் வடிவில் இல்லை. அது தன்னைச் சூழ்ந்துள்ள உறையை ஊடுருவிற்றா, குருதிக் குழாயினுள் நுழைந்ததா என்பதிலேயே உள்ளது. ஊசி கலங்களை எடுத்து வருகின்றது. எல்லையை எடுத்து வருவதில்லை. கட்டியை முழுவதும் அகற்றி, அதன் விளிம்புகளை ஆராய்ந்தால் மட்டுமே விடை கிடைக்கும். அளவைவாதியின் உவமையிலே கூறின், தறியை வெட்டிச் சாய்த்த பின்னரே அது தறி என்பது தெரியவரும் நிலை இது. அறிவதற்காகச் செய்யும் செயலே அறியப்படும் பொருளை இல்லாமற் செய்துவிடுகின்றது.

நூற்றுக்கு 22 என்பது மட்டக்குளித் தாய்க்கு என்ன பொருளைத் தரும்? அவருடைய கட்டி நூற்றுக்கு 22 பங்கு புற்றுநோயன்று. ஒன்று அது புற்றுநோய், அன்றேல் அன்று. தொலைவில் நிற்பது பாதி தறியும் பாதி மனிதனும் ஆவதில்லை. எண் கட்டியின் தன்மையைச் சொல்வதில்லை. கட்டியை நோக்குவோரின் அறிவு எங்கே நிற்கின்றது என்பதைச் சொல்கின்றது. மேலும், இவ்வீதங்கள் பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோரைக் கொண்டு கணிக்கப்பட்டவை. அகற்றப்படாது விடப்பட்ட கழலைகளையும் சேர்த்தால் உண்மை அளவு குறையவும் கூடும். ஆகவே அவ்வெண்ணைக் கூறும் வைத்தியர் நோயாளியின் உடலைப் பற்றி மட்டுமன்றித் தமது அறிவின் எல்லையைப் பற்றியும் கூறுகின்றார். தமது அறிவின் எல்லையைப் பிறர்க்கு அறிவிப்பதற்கு ஒருவகை அடக்கம் வேண்டும். வாய்மையின் இப்பகுதி போதிய அளவு வற்புறுத்தப்படவில்லை.

இவ்விடத்திலே குடும்பம் குறுக்கிடுகின்றது. “அம்மாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், டொக்டர், எங்களிடம் சொல்லுங்கள்” என்று மகனோ மகளோ வைத்தியரிடம் தனியே வேண்டிக்கொள்வது தமிழ்க் குடும்பங்களிலே அரிய காட்சியன்று, சிங்களக் குடும்பங்களிலும் அரியதன்று. அதனை அறியாமை என்று இகழ்ந்துவிடுதல் எளிது, நியாயமன்று. அவ்வேண்டுகோளின் அடியில் அன்பு இருக்கின்றது. பெற்றோரின் அச்சத்தைத் தாமே தாங்கிக்கொள்ள விழையும் பிள்ளைகளின் பொறுப்புணர்ச்சி இருக்கின்றது. அதற்கு நூலாதரமும் காட்டுவர். குற்றமற்ற நன்மையை விளைவிக்குமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்னும் கருத்தை வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலே கூறியிருக்கின்றார் அல்லவா?

ஆயின் வள்ளுவர் அவ்விலக்கை வறிதே வழங்கவில்லை. ஒரு நிபந்தனையோடு வழங்கினார். விளையும் நன்மை குற்றம் நீங்கியதாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இருக்கும் என்பதை அறிந்தவனே அவ்விலக்கைப் பயன்படுத்துதற்கு உரியவன். கழலையின் விடயத்திலோ அறிக்கையே ஐயத்தில் நிற்கின்றது. பின்விளைவு யாது என்பதை நோயியலாளரும் அறியார், வைத்தியரும் அறியார். அவர்கள் அறியாததைப் பிள்ளைகள் அறிந்திருத்தல் எங்ஙனம்? “ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டிதான்” என்று தாயிடம் கூறும் மகன் அறிந்த ஒன்றை மறைக்கவில்லை. அறியாத ஒன்றை அறிந்ததாகக் காட்டுகின்றான். அது அன்பினாற் பிறந்த தேராது தெளிதல். அதன் விளைவும் குற்றமற்றதன்று. ஒன்றுமில்லை என்று கேட்ட தாய் அடுத்த தவணைக்குச் செல்லாது விடலாம். மீண்டும் ஊசியிடுவது எதற்கு என்று மறுக்கலாம். குரல் கம்மினாலோ விழுங்குதல் கடினமானாலோ அதனைத் தடிமனால் வந்தது எனக் கருதி இருந்துவிடலாம். கண்காணிப்பு என்னும் சிகிச்சையிலே கண்காணிக்க வேண்டிய முதலாமவர் நோயாளியே. அவரிடம் மறைத்துவிட்டு அவரைக் கண்காணிப்பது இயலாது. எனவே ஐயமுள்ள இடத்திலே பொய்க்கு வழங்கப்பட்ட விதிவிலக்குச் செல்லாது என்பதே முடிவாகின்றது.

நோயாளி அறிய விரும்பாதிருக்கும் உரிமை உடையவர் என்பதும் உண்மை. “பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் முடிவெடுக்கட்டும்” என்று ஒரு தாய் தாமே கூறுவாராயின் அது மதிக்கப்பட வேண்டியது. ஆனால் அறியாமையைத் தாமே தேர்ந்துகொள்வதும் அறியாமைக்குள் பிறரால் வைக்கப்படுவதும் ஒன்றல்ல. முன்னையது அவருடைய செயல். பின்னையது அவர்மேல் நிகழ்த்தப்படும் செயல். எவ்வளவு அறிய விரும்புகின்றீர்கள் என்று அவரிடமே முதலில் வினவுவதால் இவ்விரண்டும் வேறுபடுத்தப்படும். அவ்வினாவுக்கு ஒரு நிமிடம் போதும்.

சொல்லும் மொழியும் இவ்வறத்தின் ஒரு கூறாகும். தமக்கு விளங்காத மொழியிலே எழுதப்பட்ட உண்மை நோயாளியைப் பொறுத்தவரை சொல்லப்படாத உண்மையே. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இதனை நன்குணர்ந்தவர். 1864 முதல் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம் முதலான நூல்களைத் தமிழாக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே உடலின் உள்ளுறுப்புகளையெல்லாம் தமிழிலே சொல்ல முடிந்தது. ஆயின் இன்று ஆறு வகுப்புகளைத் தமிழிலே சொல்ல முடியாது என்று கூறுதல் பொருந்தாது. “இவை தீங்கற்றவை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, புற்றுநோய் என்றும் சொல்ல முடியவில்லை, இப்படியான நூறு பேரில் ஏறத்தாழ இருபது பேருக்கே அது புற்றுநோயாக முடிகின்றது” என்ற கூற்று மட்டக்குளியின் எந்தத் தாய்க்கும் விளங்கும்.

அறிதல் நன்று என்பது இதுவரை எடுகோளாக இருந்து வந்தது. அதனையும் ஒருமுறை ஐயுற்று நோக்குதல் வேண்டும். பின்லாந்திலே 1985இல் வெளியான ஆய்வொன்றில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைரொயிட்டுகளை மெல்லிய துண்டுகளாக வெட்டி ஆராய்ந்தபோது 36 பேரிடத்தே நுண்ணிய புற்றுநோய் காணப்பட்டது. அவர்கள் அதனுடன் வாழ்ந்தனர், அதனால் இறக்கவில்லை. தென் கொரியாவில் 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியதன் பின்னர், அத்திட்டத்தில் அடங்காத தைரொயிட்டு மீயொலிச் சோதனையையும் மக்கள் சிறு கட்டணத்துக்குச் செய்துகொண்டனர். 2011இல் அங்கே கண்டறியப்பட்ட தைரொயிட்டுப் புற்றுநோயின் வீதம் 1993இல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்காயிற்று. ஓராண்டில் 40,000 பேருக்கு மேற்பட்டோர் நோயாளராயினர். ஆனால் அந்நோயால் இறப்போர் தொகை மாறவேயில்லை. காணப்பட்டவை பொய்யான புற்றுநோய்களல்ல. காணப்பட வேண்டியிராத புற்றுநோய்கள். அவற்றுக்காகச் சுரப்பியை இழந்தோர் வாழ்நாள் முழுவதும் தைரொட்சின் மாத்திரை உண்ண வேண்டியவராயினர். சிலர் குரல் நரம்பின் ஊறுபாட்டாலும், சிலர் கல்சியக் குறைவாலும் துன்புற்றனர். 2014இல் அந்நாட்டு வைத்தியர் சிலர் வெளிப்படையாக எச்சரித்த பின்னர் ஓராண்டினுள் சத்திரசிகிச்சைகள் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தன. உண்மையை அறிந்துகொள்வதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும், அவ்விலையைச் செலுத்துவோன் அதனால் எப்போதும் பயன்பெறுவதில்லை என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

பெயரிடுதலின் ஆற்றலும் ஈண்டு நோக்கத்தக்கது. உறையினுள் அடங்கி நிற்கும் ஒருவகைக் கட்டி நெடுங்காலம் புற்றுநோய் என்றே அழைக்கப்பட்டு வந்தது. அத்தகைய கட்டி அகற்றப்பட்ட 109 பேரைப் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து நோக்கியபோது அனைவரும் நோயின்றி வாழ்ந்தமை கண்டு, 2016இல் பல நாட்டு நோயியலாளர் அதன் பெயரிலிருந்து புற்றுநோய் என்ற சொல்லையே நீக்கினர். கட்டி மாறவில்லை; சொல் மாறியது. சொல் மாறவே அதனைச் சுமந்தோரின் வாழ்வும் மாறியது. யப்பானிலே கோபே நகரின் குமா வைத்தியசாலையில் 1993 முதல், ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத, ஆபத்துக் குறைந்த புற்றுநோய்களை உடனே அகற்றாது காலந்தோறும் மீயொலியால் நோக்கி வரும் முறை கைக்கொள்ளப்பட்டது. பத்தாண்டுகளில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்தது. வளர்ந்தோருக்குப் பின்னர் சத்திரசிகிச்சை செய்தும் தாமதத்தால் உயிரிழப்பு நேரவில்லை. ஆகவே ஒன்றும் செய்யாதிருத்தல் வேறு, காத்திருத்தல் வேறு. காத்திருத்தல் என்பது காலத்தையே ஒரு சோதனையாகப் பயன்படுத்தும் செயல். தொலைவில் நிற்பது தறியோ மனிதனோ என்று ஐயுறுவோன் அதை நோக்கி ஓட வேண்டியதில்லை. சிறிது நேரம் நின்று, அது அசைகின்றதா என்று பார்க்கலாம்.

இவ்வாறு கூறுவதால் ஐயத்தையே ஒரு சிறப்பாகப் போற்றுதல் கருத்தன்று. ஐந்தாம், ஆறாம் வகுப்பு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, எதுவும் உறுதியில்லை என்று தட்டிக்கழிப்பதும் பிழையே. விரைந்து வளரும் கட்டி, மாறாத குரல் கம்மல், கழுத்தின் பக்கத்திலே திரளும் நெறிக்கட்டிகள் ஆகியவற்றை நூற்று வீதக் கணக்கால் ஆற்றிவிட முடியாது. தைரொயிட்டுப் புற்றுநோய்களுள் சில அருகியவையாயினும் மிகக் கொடியவை. ஐயத்துக்கு அளவு உண்டு. அளவைக் கடந்த ஐயம் அச்சத்தின் மறுபெயர். வைத்தியத்தின் திறமை, ஐயம் எங்கே நியாயமானது, எங்கே சாக்குப்போக்காகின்றது என்பதைப் பகுத்தறிவதிலேயே தங்கியுள்ளது.

தொகுத்து நோக்குமிடத்து, முற்றாக அறியப்படாத ஒன்றைப் பற்றிய வாய்மை மூன்று கூறுகளை உடையதாகின்றது. எது தெரியும் என்பதைச் சொல்லுதல் முதலாவது. எது தெரியாது என்பதையும், அத்தெரியாமை எத்துணைப் பெரியது என்பதையும் சொல்லுதல் இரண்டாவது. அதனை மேலும் அறிவதற்குச் செலுத்த வேண்டிய விலை யாது என்பதைச் சொல்லி, அவ்விலையைச் செலுத்துவதா விடுவதா என்ற முடிவை, அதனைத் தன் உடலாற் செலுத்தப்போகின்றவரிடம் விடுதல் மூன்றாவது. முதலாவதை மட்டும் செய்வோர் பலர். இரண்டாவதைச் செய்யத் துணிவோர் சிலர். மூன்றாவது கூறு நிறைவேறுவதற்கு வைத்தியரின் நேரமும், குடும்பத்தாரின் பொறுமையும், நோயாளியின் துணிவும் ஒருங்கு கூட வேண்டும். கூட்டம் நிறைந்த வைத்தியசாலைகளிலே இது எளிதன்று. எளிதன்று என்பதனால் அது கடமையன்று என்று ஆகிவிடாது. ஐயத்தை ஒருவரிடமிருந்து மறைப்பது அவரை அதிலிருந்து காப்பதாகாது. அதனை அவர் தனியே, பெயர் தெரியாது சுமக்க விடுவதேயாகும். ஐயத்தை அவரோடு பகிர்ந்துகொள்வோர் அதனை நீக்கிவிடுவதில்லை. ஆயினும் அதன் பாரத்திலே ஒரு பங்கைத் தாமும் ஏற்கின்றனர். அன்பு செய்யக்கூடியதும் அவ்வளவே. அறம் வேண்டுவதும் அவ்வளவே.